ஸ்டீபனின் ராணி மட்டில்டா: கடிதம், முற்றுகை, பிணை

வேப்பம்பூ (ஞாயிறு, காலை 7.10)

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடந்த வாரிசுப் போரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் நேராகப் பேரரசி மட்டில்டாவிடம் போய்விடுகிறார்கள். 1142 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு கோட்டையிலிருந்து வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு பனியில் நடந்தே தப்பியவர். கதை சொல்ல ஏற்ற ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் எதிர்த்தரப்பில் அதே பெயரோடு இன்னொரு பெண் இருந்தார். மன்னர் ஸ்டீபனின் மனைவி, பூலோன் மட்டில்டா. அவரைப் பற்றி இந்த மன்றத்தில் ஓர் இழைகூட இல்லை. அதனால் நானே தொடங்குகிறேன்.

ஒரு காட்சியிலிருந்து ஆரம்பிக்கலாம். 1141 பிப்ரவரி 2, லிங்கன் போரில் ஸ்டீபன் பிடிபட்டார். பிரிஸ்டல் கோட்டையில் சிறை, பிறகு கால்விலங்கு. ஏப்ரலில் வின்செஸ்டரில் திருச்சபைக் கூட்டம். கூட்டியவர் ஆயர் ஹென்றி, ஸ்டீபனின் சொந்தத் தம்பி, போப்பின் பிரதிநிதியும்கூட. அண்ணன் சிறையில் இருக்கும்போதே பேரரசியை 'ஆங்கிலேயரின் தலைவி' என்று ஏற்க வைக்கிறார். அங்கே ராணியின் எழுத்தர் ஒருவர் கடிதத்தோடு வந்து நிற்கிறார். கிறிஸ்டியன் என்று பெயர். ஹென்றி கடிதத்தை வாங்கி மனத்துக்குள் படித்துவிட்டு, இது இந்தச் சபையில் வாசிக்கத் தக்கதல்ல என்று சொல்லிவிடுகிறார். எழுத்தர் பின்வாங்கவில்லை. தானே எடுத்து எல்லோர் காதிலும் விழும்படி வாசித்துவிடுகிறார். சொந்த ஆட்களே விலங்கு பூட்டிய மன்னரை மீண்டும் அரியணையில் அமர்த்துங்கள் என்று குருமார் அனைவரிடமும், குறிப்பாகக் கணவரின் தம்பியிடமும், ராணி கேட்டுக்கொள்ளும் கடிதம்.

அந்தக் கூட்டத்தில் இருந்து இதை எழுதி வைத்த மாம்ஸ்பரி வில்லியம், பேரரசியின் அண்ணன் ராபர்ட்டின் ஆதரவில் இருந்தவர். எதிரணிக்காரர் எழுத்தில் இது தங்கியிருப்பதால்தான் எனக்கு இது இவ்வளவு பிடிக்கிறது.

ராணி அந்தக் கூட்டத்தில் இல்லை. கணவர் சிறையில், கொழுந்தன் கட்சி மாறிவிட்டார், கையில் கென்ட் பகுதியும் ஒரு கூலிப்படையும்தான். அங்கிருந்து ஏழே மாதத்தில் கணவரை வெளியே கொண்டுவந்தார். எப்படி? அதைத்தான் பேச விரும்புகிறேன்.

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, காலை 8.02)

நல்ல இழை. முதலில் யார் யாருக்கு என்ன உறவு என்று யாராவது சொல்லுங்கள். எல்லாப் பெண்களும் மட்டில்டா, பாதி ஆண்கள் ஹென்றி. மூன்று தடவை படிக்க ஆரம்பித்து இதனாலேயே விட்டிருக்கிறேன்.

வேப்பம்பூ (ஞாயிறு, காலை 8.45)

நம் முறையில் சொன்னால் சட்டென்று பிடிபடும் கணக்குப்பிள்ளை சார். இந்த இழையில் 'ராணி' என்றால் ஸ்டீபனின் மனைவி, 'பேரரசி' என்றால் மற்றவர் என்று வைத்துக்கொள்வோம்.

மன்னர் முதலாம் ஹென்றியின் மகள் பேரரசி. முதல் கணவர் ஜெர்மானியப் பேரரசர், அதனால் அந்தப் பட்டம். ஹென்றியின் அக்கா அதேலாவின் மகன் ஸ்டீபன். ஆக, பேரரசி ஸ்டீபனுக்கு மாமன் மகள், முறைப்பெண். அவர்கள் திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒரு கல்யாணமே ஆகாது என்பது வேறு.

இப்போது ராணி பக்கம். ராணியின் அம்மா மேரியும் பேரரசியின் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள், ஸ்காட்லாந்து அரச குடும்பத்துப் பெண்கள். பேரரசியின் அம்மாதான் மூத்தவர். ஆக, ராணிக்குப் பேரரசி பெரியம்மா மகள். அக்கா முறை. அக்காவும் தங்கையும் எதிரெதிர் அணியில் நின்ற போர் இது. இருவருக்கும் ஒரே தாய்மாமன், ஸ்காட்லாந்து மன்னர் டேவிட்.

ஹென்றிக்குத் திருமண உறவில் பிறந்த ஒரே மகன் 1120இல் 'வெள்ளைக் கப்பல்' மூழ்கியபோது இறந்துபோனார். மகளையே வாரிசாக ஏற்கும்படி பிரபுக்களிடம் 1127இல் சத்தியம் வாங்கினார் மன்னர். சத்தியம் செய்தவர்களில் ஸ்டீபனும் ஒருவர். 1135 டிசம்பர் 1 அன்று ஹென்றி கண்ணை மூடினார். மூன்றே வாரத்தில், டிசம்பர் 22 அன்று, ஸ்டீபன் முடி சூடிவிட்டார். அதிலிருந்து தொடங்கியதுதான் எல்லாம்.

படகுத்துறை (ஞாயிறு, காலை 10.30)

ஸ்டீபன் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்து சேர்ந்தார் என்பதிலேயே ராணி இருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் படுவது இதுதான்.

பூலோன், பிரான்ஸ் கரையில், ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகலான இடத்தை ஒட்டிய சிறு நாடு. அந்த இடத்தில் கடல் அகலம் சுமார் 33 கி.மீ. இங்கிலாந்துக் கம்பளி ஃபிளாண்டர்ஸ் நெசவாளர்களிடம் போகும் வழி. விசான் துறை அவர்கள் கையில். போதாததற்கு எசெக்ஸ், கென்ட், லண்டன் பக்கம் நிறைய நிலம். இதெல்லாம் ஸ்டீபனுடைய சொத்து இல்லை, மனைவி வழி வந்தது. அப்பா மூன்றாம் யூஸ்டஸுக்கு வாரிசு இந்த ஒரே மகள்தான். 1125இல் ஸ்டீபனுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டு அவர் மடத்துக்குப் போய்விட்டார். ஜெருசலேமைப் பிடித்த காட்ஃப்ரேயும் அதன் முதல் மன்னர் பால்ட்வினும் ராணிக்குச் சித்தப்பாக்கள்.

மன்னர் இறந்த சேதி வந்ததும் ஸ்டீபன் பூலோன் பக்கமிருந்து கடல் தாண்டினார். பேரரசி தன் இரண்டாவது கணவரோடு ஆஞ்சுவில் இருந்தார், கர்ப்பிணி வேறு. மனைவி வீட்டுக் கடற்கரை இல்லாமல் ஸ்டீபனுக்கு அந்த மூன்று வாரக் கணக்கு நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

1138இல் இங்கிலாந்துக் கரையில் உள்ள டோவர் கோட்டை, பேரரசியின் அண்ணன் ராபர்ட் பக்கம் சாய்ந்தது. முற்றுகைக்குப் போனவர் ராணி. தரைப்பக்கம் அவர் படை. கடல்பக்கம் பூலோனிலிருந்து சொந்தக்காரர்களையும் தன் ஆட்களையும் கப்பலோடு வரச்சொல்லி அடைத்துவிட்டார். உள்ளே ஒரு மூட்டை தானியம் போக வழியில்லை. கோட்டை பணிந்தது. டோவரை நிலத்தில் மட்டும் சுற்றி நின்றால் பிரயோஜனமே இல்லை. கடலை மூடத் தெரிந்த ஆள் வேண்டும், கப்பலும் வேண்டும். இரண்டும் அவரிடம் இருந்தன.

மேலைக்காற்று (ஞாயிறு, பகல் 12.15)

எல்லாம் சரி. எனக்கு இந்த ராணியைப் புகழும் விதத்தில் ஓர் உறுத்தல் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும்.

ஸ்டீபன் தரப்பில் நின்று எழுதிய காலக்குறிப்பைப் பாருங்கள். ராணி படை நடத்தினால், பெண்ணின் மென்மையை மறந்து ஆண்மகனுக்குரிய உறுதியோடு நடந்துகொண்டார் என்று பாராட்டு. பேரரசி அதிகாரம் செய்தால் கர்வம், பெண்ணுக்குரிய அடக்கம் இல்லை, தகுந்தவர்கள் வந்து வணங்கினாலும் எழுந்திருக்கவில்லை என்று குற்றச்சாட்டு. இருவரும் படை திரட்டினார்கள், பிரபுக்களுக்கு நிலம் கொடுத்தும் பறித்தும் ஆட்சி செய்தார்கள். ஒருவர் 'என் கணவருக்காக, என் மகனுக்காக' என்றார். மற்றவர் 'எனக்காக' என்றார். வித்தியாசம் அவ்வளவுதான். அந்தக் காலம் முதல் வாக்கியத்தைத் தாங்கிக்கொண்டது, இரண்டாவதைத் தாங்கவில்லை.

ராணியை நல்லவராக்கிப் பேரரசியைக் கெட்டவராக்கும் பழைய பாட்டையே நாமும் பாட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

வேப்பம்பூ (ஞாயிறு, பகல் 1.40)

மேலைக்காற்று, இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பேரரசியைத் தாழ்த்த இந்த இழையைத் திறக்கவில்லை. ஆனால் 'கணவருக்காக' என்று சொன்னதை வெறும் அதிர்ஷ்டம்போல நீங்கள் எழுதுகிறீர்கள். அந்தச் சொல்லை எங்கே வைக்க வேண்டும், எங்கே அதை விட்டுவிட்டு வாள் எடுக்க வேண்டும் என்று ராணிக்குத் தெரிந்திருந்தது. 1141 கோடையை வரிசையாகப் பாருங்கள்.

கடிதம் எடுபடவில்லை. அடுத்து பேரரசியிடமே தூது அனுப்புகிறார். கணவரை விடுங்கள், இனி அவர் அரியணை பக்கம் வரமாட்டார், என் மகன் யூஸ்டஸுக்கு அவனுடைய பரம்பரைச் சொத்தையாவது கொடுங்கள் என்று. பதிலுக்குக் கிடைத்தது கடுஞ்சொல். கேட்டுப் பார்த்தாயிற்று. அப்புறம்தான் படை.

பேரரசி முடிசூட்டுக்காக லண்டன் பக்கம் வெஸ்ட்மின்ஸ்டரில் தங்கியிருக்கிறார். லண்டன் வணிகர்களிடம் பெரும் தொகை கேட்கிறார். அவர்கள் ஏற்கனவே ஸ்டீபனுக்குக் கொடுத்து ஓய்ந்தவர்கள். அந்த நேரம் பார்த்து, கூலிப்படைத் தலைவர் ஈப்பர் வில்லியம் தலைமையில் ராணியின் படை தேம்ஸின் தென்கரைக்கு வந்து நிற்கிறது. ஜூன் 24. பேரரசி விருந்துக்கு உட்காரும் நேரம். நகரத்து மணிகள் எல்லாம் ஒரே சமயத்தில் அடிக்க ஆரம்பிக்கின்றன. வாசல்களைத் திறந்துகொண்டு ஜனங்கள் ஆயுதத்தோடு புறப்பட்டு வருகிறார்கள். தட்டில் வைத்தது வைத்தபடி பேரரசியின் கூட்டம் குதிரை ஏறி ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஓடுகிறது. லண்டன் ராணிக்குக் கதவைத் திறந்தது. பேரரசி அதற்குப் பிறகு முடி சூடவே இல்லை.

உடனே ராணி எங்கே போனார்? கில்ஃபோர்டில் கொழுந்தனைப் பார்க்கப் போனார். கடிதத்தை வாசிக்க விடாத அதே ஹென்றி. அவர் முன்னால் அழுதார் என்று எழுதியிருக்கிறது. அழுகையோடு சில விட்டுக்கொடுப்புகளும் பேசப்பட்டன. ஹென்றி திரும்பவும் அண்ணன் பக்கம் வந்துவிட்டார். இரண்டு மாதத்துக்கு முன் தன்னைச் சபையில் அவமதித்தவரிடம் போய் நிற்பது லேசான காரியமில்லை. அந்த வருஷத்தில் அவர் செய்ததிலேயே கடினமானது அதுதான் என்று நினைக்கிறேன்.

சாமந்தி (ஞாயிறு, பகல் 2.05)

"தென்கரைக்கு வந்து நிற்கிறது" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்களே அக்கா. அந்தப் படை சும்மா நிற்கவில்லை. லண்டனுக்கு எதிர்க்கரையில் கொள்ளையடித்து, தீ வைத்து, கண்ணில் பட்டதை அழித்தது. லண்டன்காரர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தங்கள் சொத்து எரிவதைப் பார்த்துப் பயந்துதான் மனம் மாறினார்கள் என்பதும் அதே காலக்குறிப்பில் இருக்கிறது.

ஆகஸ்டில் வின்செஸ்டர் நகரமே எரிந்தது. வெர்வெல் கன்னிமடத்தை ஈப்பர் வில்லியம் கொளுத்தினார். அவர் யாருடைய ஆள்? ராணியின் ஆள். பீட்டர்பரோ மடத்துத் துறவி, கிறிஸ்துவும் அவருடைய புனிதர்களும் உறங்கிவிட்டதாக மக்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள் என்று எழுதினாரே, அந்த மக்கள் எல்லாம் எந்த மட்டில்டா நல்லவர் என்று பார்த்துக்கொண்டா இருந்தார்கள்? அவர்களையும் இந்த இழையில் வைத்துக்கொண்டு பேசுவோம்.

வேப்பம்பூ (ஞாயிறு, பகல் 2.30)

நீங்கள் சொல்வது சரி சாமந்தி. அந்த வரியை அப்படித் தாண்டியிருக்கக் கூடாது. அந்தத் தீ ராணியின் கட்டளையில் எரிந்த தீதான்.

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, மாலை 5.20)

வின்செஸ்டரில் என்ன ஆனது? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

மேலைக்காற்று (ஞாயிறு, மாலை 6.50)

நான் சொல்கிறேன். இங்கே நானும் ராணியை வாய்விட்டுப் பாராட்டுவேன்.

ஹென்றி கட்சி மாறியது தெரிந்ததும் பேரரசி வின்செஸ்டரில் அவருடைய கோட்டையை முற்றுகையிட்டார். ராணி தன் படையையும் லண்டன் படையையும் கொண்டுவந்து முற்றுகையிட்டவர்களையே வெளியிலிருந்து முற்றுகையிட்டார். நகரத்துக்குள் சாப்பாடு போகும் பாதைகள் அடைபட்டன. செப்டம்பர் 14 அன்று பேரரசி தப்பி ஓட, பின்னால் காவல் நின்ற ராபர்ட் ஸ்டாக்பிரிட்ஜில் ஆற்றைக் கடக்குமிடத்தில் மாட்டிக்கொண்டார். ராபர்ட் என்றால் பேரரசியின் அண்ணன், தந்தைக்குத் திருமண உறவுக்கு வெளியே பிறந்தவர். பேரரசியின் படைக்கு மூளையும் கையும் அவர்தான். ரோச்செஸ்டர் கோட்டையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

இப்போது இரண்டு பக்கமும் ஒவ்வொரு கைதி. பிரிஸ்டலில் ஸ்டீபனைக் காவலில் வைத்திருப்பவர் ராபர்ட்டின் மனைவி மேபல். ரோச்செஸ்டரில் ராபர்ட்டை வைத்திருப்பவர் ராணி. இவள் கணவன் அவளிடம், அவள் கணவன் இவளிடம். பேச்சுவார்த்தையின் இரு முனையிலும் இந்த இரண்டு மனைவிகள். மன்னருக்கு ஒரு பிரபு சமமாவாரா என்று ராபர்ட்டே முட்டுக்கட்டை போட்டார். கட்சி மாறினால் பெரிய பதவி என்று ஆசை காட்டியும் அவர் அசையவில்லை. கடைசியில் ஆளுக்கு ஆள் என்று முடிந்தது.

நம்பிக்கை துளியும் இல்லாத இரண்டு தரப்பு, ஒரே நேரத்தில் கைதிகளை எப்படி விடுவது? நவம்பர் முதல் நாள் ஸ்டீபன் பிரிஸ்டலை விட்டுப் புறப்பட்டார். அவர் போகும் அதே நேரத்தில், ராணியும் ஒரு மகனும் இரண்டு பிரபுக்களும் பிரிஸ்டல் கோட்டைக்குள் பிணையாக உட்கார்ந்தார்கள். ஸ்டீபன் வின்செஸ்டருக்கு வந்து சேர்ந்ததும் ராபர்ட் விடுவிக்கப்பட்டார். அவர் தன் மகன் வில்லியமை அங்கே பிணையாக விட்டுவிட்டு பிரிஸ்டலுக்குப் போனார். அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் ராணி வெளியே வந்தார். ராணி வந்த பிறகுதான் அந்த மகன்.

அந்தச் சில நாட்களை யோசித்துப் பாருங்கள். ஸ்டீபனை விலங்கிட்டு வைத்திருந்த அதே கோட்டை. இப்போது உள்ளே ராணி. நடுவில் யாராவது ஒருவர் சொல் தவறியிருந்தால் ராணியும் பிள்ளையும் அங்கேயே.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று கான்டர்பரியில் கணவனும் மனைவியும் சேர்ந்து முடி தரித்து அமர்ந்தார்கள்.

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, இரவு 7.15)

இந்தப் பிணைக் கணக்கு ஒன்றே போதும், மூன்று தடவை விட்டதை இனி முழுசாகப் படிப்பேன். தாய்மாமன் டேவிட் என்ன ஆனார்? அவர் யார் பக்கம்?

படகுத்துறை (ஞாயிறு, இரவு 8.00)

பேரரசி பக்கம்தான். 1138இல் வடக்கே படையெடுத்து வந்து, ஆகஸ்டில் 'கொடிக்கம்பப் போரில்' தோற்றார். 1139 ஏப்ரலில் டர்ஹாமில் சமாதானம் பேசப் போனது ராணி. மாமனிடம் மருமகள் பேசி முடித்த ஒப்பந்தம். டேவிட்டின் மகனுக்கு நார்தம்பர்லாந்து போனது. விலை அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஆனால் அந்த வருஷ இலையுதிர் காலத்தில் பேரரசி அரண்டலில் வந்து இறங்கியபோது வடக்கில் உடனே இன்னொரு போர்முனை திறக்கவில்லை. மறு வருஷம் பிரான்ஸ் போய், மகன் யூஸ்டஸுக்குப் பிரெஞ்சு மன்னரின் தங்கை கான்ஸ்டன்ஸைப் பேசி முடித்ததும் அவர்தான்.

வடகாலூரான் (திங்கள், காலை 6.30)

நான் கென்ட்டில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஃபாவர்ஷாமில் பார்த்ததைச் சொல்லத் தோன்றியது.

1148 வாக்கில் ராணியும் மன்னரும் அங்கே ஒரு மடம் கட்டத் தொடங்கினார்கள். தங்கள் குடும்பத்துக்கான அடக்கத் தலமாக. ராணி பக்கத்துக் கான்டர்பரியில் புனித அகஸ்டின் மடத்தில் தங்கியிருந்து வேலையை மேற்பார்வை பார்த்தார். ராணி, மகன் யூஸ்டஸ், ஸ்டீபன் மூவரும் அங்கேதான் புதைக்கப்பட்டார்கள்.

நான் போனது ஒரு ஜனவரி மதியம். அபி தெரு என்று பெயர் மட்டும் இருக்கிறது. மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், கடைசியில் சிற்றோடைபோல உள்ளே வரும் கடல்கழி. நீர் வற்றி, சேற்றில் இரண்டு படகு சாய்ந்து கிடந்தன. மடம் எங்கே என்று கேட்டால் ஒரு பள்ளிக்கூட விளையாட்டுத் திடலைக் காட்டுகிறார்கள். 1538இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மடத்தைக் கலைத்துக் கல்லைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சவப்பெட்டியின் ஈயத்துக்காக எலும்புகளைக் கழியில் வீசிவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. 1965இல் தோண்டிப் பார்த்தபோது அரச கல்லறைக் குழிகள் காலியாக இருந்தன. ஊர்க் கோயிலில் ஒரு கல்மாடத்தைக் காட்டி, ஸ்டீபனின் எலும்பை இங்கே கொண்டுவந்து வைத்ததாகச் சொல்கிறார்கள். ராணியைப் பற்றி அங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலி ஓரமாக நின்று பார்த்தேன். பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

சாமந்தி (திங்கள், காலை 9.10)

வடகாலூரான் அண்ணா, படித்துவிட்டு மனசு கனத்துப் போனது. லண்டனில் அவர் பெயரைச் சொல்ல ஒன்று மிச்சம் இருக்கிறது. லண்டன் கோபுரத்துக்குப் பக்கத்தில் புனித காதரின் பெயரில் ஏழைகளுக்கான ஓர் இல்லம் 1147இல் வைத்தார். சிறு வயதில் இறந்துபோன பால்ட்வின், மட்டில்டா என்ற தன் இரண்டு குழந்தைகளின் ஆன்மாவுக்காக. அதன் புரவலர் உரிமையை இங்கிலாந்து ராணிகளுக்கே என்று ஒதுக்கினார். 1820களில் அந்த இடத்தில் கப்பல்துறை வெட்டுவதற்காக இல்லத்தையும் சுற்றியிருந்த வீடுகளையும் இடித்தார்கள். சுமார் 11,000 பேர் வீடிழந்தார்கள். செயின்ட் காதரின் டாக்ஸ் என்று இன்று பெயர். இல்லம் இடம் மாறி மாறி, இப்போது லைம்ஹவுஸில் இயங்குகிறது.

நேற்று அவர் படை வைத்த தீயைப் பற்றி எழுதினேன். இதையும் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

மேலைக்காற்று (திங்கள், இரவு 8.40)

கடைசி மாதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1152 ஏப்ரலில் ஸ்டீபன், தான் உயிரோடு இருக்கும்போதே மகன் யூஸ்டஸுக்கு முடி சூட்டிவிடப் பார்த்தார். பிரான்ஸில் அப்படி வழக்கம் உண்டு. பேராயர் தியோபால்ட் போப்பின் உத்தரவைக் காட்டி மறுத்தார். ஆயர்களை ஒரு வீட்டில் அடைத்து மிரட்டியும் பலிக்கவில்லை. பேராயர் தப்பிக் கடல் கடந்துவிட்டார்.

இதே தியோபால்ட்டுக்கும் ஸ்டீபனுக்கும் 1148இல் மோதல் வந்தபோது, நடுவில் நின்று பேசியவர்களில் ராணி ஒருவர். இந்தத் தடவை அப்படிப் பேச அவருக்கு நாள் இருக்கவில்லை. 1152 மே 3 அன்று, எசெக்ஸில் ஹெடிங்ஹாம் கோட்டையில், பயணத்தின் நடுவே காய்ச்சலில் இறந்தார். அந்தக் கோட்டையின் கல்கோபுரம் இன்றும் நிற்கிறது. மறு வருஷம் ஆகஸ்டில் யூஸ்டஸ் இறந்தார். அதே வருஷம் நவம்பரில் ஸ்டீபன் பேரரசியின் மகன் ஹென்றியை வாரிசாக ஏற்று ஒப்பந்தம் செய்துகொண்டார். 1154 அக்டோபரில் ஸ்டீபனும் போய்ச் சேர்ந்தார்.

ராணி இருந்திருந்தால் அந்த ஒப்பந்தத்துக்கு ஸ்டீபன் கையெழுத்திட்டிருப்பாரா? இட்டிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

வேப்பம்பூ (திங்கள், இரவு 9.25)

எனக்கு மாறான எண்ணம். மகன் இறந்த பிறகு, அந்த ஒப்பந்தத்தைப் பேசப் போயிருக்கக்கூடியவரே ராணிதான். இளைய மகன் வில்லியமுக்குப் பூலோனும் மற்ற நிலங்களும் உறுதி என்று அதில் எழுதினார்கள். 1141இல் பேரரசியிடம் தூது அனுப்பி அவர் யூஸ்டஸுக்காகக் கேட்டது கிட்டத்தட்ட அதைத்தான்.

கணக்குப்பிள்ளை (திங்கள், இரவு 10.05)

அப்போது பூலோன் வில்லியமோடு நின்றதா?

படகுத்துறை (செவ்வாய், காலை 6.15)

இல்லை. வில்லியம் 1159இல் பிள்ளையில்லாமல் இறந்தார். மிஞ்சியது கடைசி மகள் மேரி. ரொம்சி மடத்தில் தலைவியாக இருந்தவர். அம்மாவின் நாடு அவரிடம் வந்ததும் 1160இல் அவரை மடத்திலிருந்து கொண்டுபோய் ஃபிளாண்டர்ஸ் பிரபுவின் மகன் மேத்யூவுக்கு மணம் முடித்தார்கள். நேர்ந்துகொண்ட துறவிக்குக் கல்யாணமா என்று திருச்சபை கொதித்தது. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. சுமார் பத்து வருஷம் கழித்து மணம் ரத்தாகி மேரி மறுபடி மடத்துக்குப் போனார். பூலோன், மூத்த மகள் ஐடாவுக்குப் போனது. பாட்டியைப் போலவே, தன் உரிமையில் அந்தக் கடற்கரையை ஆண்ட பெண்.